வருசம் திரும்பாத வீடுகள்

அந்தப் பிள்ளையிடம் மழை வருமா என்று கேட்டால்கூட உடனே பதில் வராது. வாசல் வரைக்கும் போய் வானத்தைப் பார்ப்பாள். கொடியில் கிடக்கிற துணியைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு உள்ளே வந்து, "வரலாம் ஆன்ட்டி. வராமலும் போலாம். துணிய எடுத்துடுங்க" என்பாள். இதைச் சொல்லத்தானா இவ்வளவு நேரம் என்று எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் தப்பாக நினைத்துக்கொள்வாளோ என்று அடக்கிக்கொண்டு துணியை எடுக்கப் போவேன்.

ஈப்போவுக்கு வெளியே இருக்கிற எங்கள் தாமான் குடியிருப்பில், என் வீட்டுப் பின் அறையில் அவள் வாடகைக்கு இருந்தாள். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தாள். கடைசி வருடம். அறை கேட்டு வந்த அன்று அவளுடைய அம்மாவும் கூட வந்தார். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. யூனிபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். புது ஆட்களைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. அதனால் எனக்காகப் பேசுவதற்குப் பக்கத்து வீட்டு பாக்கியத்தை அழைத்து வைத்திருந்தேன்.

"பொழுது போயி லேட்டா வீட்டுக்கு வருவியா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"தெரியாதுக்கா."

அம்மா அவள் தொடையில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. "வர மாட்டேன்னு சொல்லேன்டி."

"லேப்ல வேல எப்ப முடியும்னு எனக்கே தெரியாதேம்மா. வர மாட்டேன்னு சொல்லிட்டு அப்புறம் வந்தா?"

"சரி, சமைப்பியா?"

"சமைப்பேன். நல்லாருக்குமான்னு தெரியாது."

பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது ஒன்னு வந்துருக்கு லா. யோசிச்சுக்க யக்கா."

நான் யோசிக்கவில்லை. "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். அந்த வருடம் மாசியில்தான் என் வீட்டுக்காரர் போனார். ஆஸ்பத்திரியில் அவர் கிடந்தபோது வந்தவர்கள் எல்லாரும், "ஒன்னும் ஆவாது, எழுந்து உக்காந்துடுவாரு" என்றார்கள். நானும் ஒவ்வொருவர் சொன்னதையும் நம்பினேன். நம்பி நம்பிக் கடைசியில் காரியம் முடிந்தபோது, யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை வீட்டில் வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு பயமும் இல்லை.

பாக்கியம் அவளுக்கு "தெரியாது டீச்சர்" என்று பெயர் வைத்தாள். தாமான் முழுக்க அந்தப் பெயர் ஓடிற்று. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "டீச்சர்னு சொல்றதுதான் தப்பு. நான் டீச்சர் ஆவப் போறதில்ல" என்றாள்.

அவளோடு சாப்பிட உட்கார்ந்தால் உப்பு சரியா என்று கேட்க முடியாது. "எனக்குச் சரி. உங்களுக்கு எப்படின்னு தெரியல" என்பாள். தன் மகளுக்கு ஜாதகம் பார்த்த ஜோசியர் தையில் கல்யாணம் கூடும் என்றார் என்று பாக்கியம் வந்து சொன்னபோது, இவள் மெதுவாக, "அவருக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பாக்கியம் ஒரு வாரம் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை.

"இயற்பியல்னா என்னம்மா படிப்பு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவள் நான். அதற்குப் பிறகு பால்மரம்தான்.

கொஞ்சம் யோசித்தாள். "யாராவது ஒன்னு சொன்னா, எப்படித் தெரியும்னு கேக்குறது ஆன்ட்டி. வெளியில கேட்டா திட்டுவாங்க. அங்க கேட்டா மார்க்கு குடுப்பாங்க."

ஆனால் தன் காரியத்தில் அவளுக்கு அந்த நிதானம் இல்லை. படிப்பு முடிந்து மேலே படிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய உயிர். குளிர்தேசம் ஒன்றில், ஒரு பேராசிரியரிடம் சேர எழுதிப் போட்டிருந்தாள். மூன்று காரியம் வேண்டும் என்று எனக்கு விளக்கினாள். கடைசி வருட ஆய்வு நன்றாக வர வேண்டும். இங்கே அவளுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் சிபாரிசு எழுத வேண்டும். பிறகு அந்தப் பேராசிரியர் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார். இதில் ஒன்று தவறினாலும் போச்சு. அம்மாவோ, டீச்சர் பயிற்சிக்கு எழுதிப் போடு, இல்லாவிட்டால் கமுந்திங்கில் என்னோடு வேலைக்கு வா என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். அவள் கைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள்.

"கெடச்சிடுமா?"

"தெரியாதும்மா."

"கெடைக்கலன்னா?"

"தெரியாதும்மா."

"என்னாதான்டி தெரியும் ஒனக்கு? கடன ஒடன வாங்கிப் படிக்க வச்சவகிட்ட இதான் பேச்சா?"

போன் வைத்த பிறகு பார்த்தால் கீரைத்தண்டைச் சட்டியில் கிள்ளிப் போட்டிருப்பாள். இலையெல்லாம் குப்பையில் கிடக்கும்.

அவளுடைய ஆய்வு எங்கள் காலடி மண்ணைப் பற்றியது. எங்கள் தாமான் இருக்கும் இடம் முன்பு ஈயலம்பம், ஈயம் தோண்டிய சுரங்கம். ஈயத்தைச் சலித்து எடுத்த பிறகு மிச்சமான மணலைக் கொட்டி மேடாக்கி, அதன் மேல்தான் வீடு கட்டினார்கள். தோட்டத்தை விற்றபோது எங்களைப் போன்றவர்கள் வந்து சேர்ந்ததும் இங்கேதான். அந்த மாதிரி மண்ணிலிருந்து ஒரு காற்று வரும் என்றாள். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. ஜன்னல் மூடிக் கிடந்தால் அறைக்குள்ளேயே தங்கிவிடும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல் வரலாம். எந்த வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் வேலை. அதற்கு ஒரு சின்ன டப்பா. உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். வீட்டின் படுக்கை அறையில் ஒரு மாதம்போல அசையாமல் இருக்க வேண்டும். ஜன்னலை வழக்கப்படி திறக்கலாம், மூடலாம். வழக்கத்தை மட்டும் மாற்றக் கூடாது.

வீடு வீடாகக் கேட்டுப் போக அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் வாயில்லாப் பூச்சி. ஆனாலும் என் முகம் எல்லாருக்கும் தெரியும். அவள் பேச, நான் பக்கத்தில் நிற்க, எங்கள் வரிசையிலும் பின் வரிசையிலும் ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சீனர் வீடுகள் சிலதும் உண்டு. அவை மாடி எடுத்து, டைல்ஸ் போட்டு, ஏர்கான் வைத்த வீடுகள். அவற்றை நம் வீடுகளோடு சேர்த்து வைத்துப் பார்க்க முடியாது என்று விட்டுவிட்டாள். புரட்டாசி விரதம் நடந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் பாயசம் கொடுத்தார்கள்.

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு நாள், டப்பாக்களை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். முதலில் பாக்கியம் வீடு. கேட்டைத் தாண்டும்போதே சாய வாடை மூக்கில் ஏறியது. கட்டில், அலமாரி எல்லாம் நடு ஹாலில் கிடந்தன. ஜன்னல்கள் பப்பரப்பா என்று திறந்திருந்தன. பாக்கியத்தின் புருஷன் ஏணியில் நின்று படுக்கை அறைக்குப் பச்சைச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"டப்பா எங்கக்கா?" என்று இவள் கேட்டாள்.

"பத்திரமா எடுத்து வச்சிருக்கேன் லா. பெயிண்டு பட்டுறக் கூடாதுல்ல." பாக்கியம் பிரிட்ஜைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். பக்கத்தில் முறுக்கு மாவு இருந்தது.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று வேகமாகப் போய்ப் பார்த்தோம். எல்லா வீட்டிலும் அதே கதைதான். தீபாவளி வந்தால் வீட்டுக்குச் சாயம் பூசாமல் இருப்போமா? சில வீடுகளில் டப்பாவைத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்து, "நகத்தவே இல்லம்மா" என்றார்கள். அவளுக்கு வருத்தம் வரக்கூடாதே என்று சொன்ன பொய். டப்பாவின் ஓரத்தில் மஞ்சளும் நீலமுமாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது.

அவள் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நானும் தமிழ்ப் பொண்ணுதானே ஆன்ட்டி. வருசா வருசம் எங்க வீட்டுல நான்தான் பூசுவேன். இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு?"

பாக்கியம் பின்னாலேயே வந்து நின்றாள். பிரஷ் கையில் இருந்தது. "வந்த நம்பர எழுதிக் குடுத்துடேன். வெள்ளக்காரன் வந்து எங்க வீட்டுச் செவத்தயா மோந்து பாக்கப் போறான்?"

"எழுதலாம்க்கா. எழுதினா அது பாக்கியம் அக்கா வீட்டு பிரிட்ஜுக்குள்ள எவ்வளவு காத்துன்னுதான் இருக்கும்."

பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஆய்வை ஒப்படைக்கும் தேதிக்குள் இன்னும் ஒரே ஒரு தடவை டப்பா வைக்கலாம். அந்த ஒரு தடவையும் தீபாவளியைத் தாண்டித்தான் போகும். எல்லா வீடும் திறந்து கிடக்கும், சாமான் இடம் மாறும், விருந்தாளி வந்து போவார்கள்.

"நம்ம வீட்டுல இந்த வருசம் ஒன்னும் கெடையாதேம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். போன வருடத்துச் சாயம் அப்படியே அழுக்கேறி இருந்தது. சாவு விழுந்து வருசம் திரும்பாத வீட்டில் தீபாவளி இல்லை. சாயம் இல்லை, பலகாரம் இல்லை, புதுத்துணி இல்லை. எது எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும்.

"வேற யாரு வீட்டுல ஆன்ட்டி?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்கிறோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போயிற்று.

சாவு வீடுகளை நினைவுபடுத்திச் சொல்வது அவ்வளவு நல்ல காரியமாக எனக்குப் படவில்லை. ஆனாலும் சொன்னேன். எங்கள் தாமானில் இரண்டு வீடு. மற்றவை செமோர் பக்கம். எங்கள் தோட்டத்து ஆட்கள் பலர் அங்கேயும் பழைய லம்பத்து நிலத்தில்தான் வீடு வாங்கியிருந்தார்கள். அவளுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். வாழ்நாளில் அதற்கு முன் என் வீட்டுக்காரரின் சைக்கிளில் மட்டுமே அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

சில வீடுகளில் ஒன்றும் கேட்காமல் வைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில், துக்க வீட்டுக்குள் என்ன விளையாட்டு என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியாகத்தான் அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போனோம். தோட்டத்தில் என் மர நிரைக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர். கணவர் வைகாசியில் தவறியிருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். அவர் மட்டும் தனியாக, ஜன்னல் எல்லாம் சாத்திய வீட்டில் இருந்தார்.

இரண்டு கோப்பை பால் ஊற்றாத தே ஓ கலக்கிக்கொண்டு வந்து வைத்தார். அந்தப் பிள்ளை சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல சாயம் பூச மாட்டோம்னு தெரிஞ்சு கூட்டியாந்தியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா ஆன்ட்டி. அதுக்குத்தான் வந்தோம்" என்றாள் இவள்.

"எங்க வீட்டுச் சாவு ஒனக்குத் தோதா இருக்கு."

"ஆமா ஆன்ட்டி."

நான் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. "தோதாத்தான் இருக்கு. அதச் சொல்லாம மறைச்சுக் கேட்டா தப்பு."

அஞ்சலை அக்கா கோப்பையைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. "அந்தக் காத்துனால நெஞ்சுல நோவு வருமா?"

"வரலாம்."

"எங்க வீட்டுக்காரரு சிகரெட்ட கையால தொட்டது கெடையாது. இருமி இருமித்தான் போனாரு. இதனாலயா?"

"தெரியாது ஆன்ட்டி."

"டப்பா வச்சா தெரியுமா?"

"அப்பவும் தெரியாது. இந்த ரூம்ல எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் டப்பா சொல்லும். அவருக்கு எதனால வந்துச்சுன்னு சொல்லாது."

"இதனால இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வச்சுட்டுப் போயேன். தனியா இருக்குற பொம்பள. தூங்க வேணாமா?"

அந்த வீடு அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். வீடுகள் குறைவாக இருந்தால் ஆய்வே செல்லாது என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். ஒரு வார்த்தைதான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"சொல்ல முடியாது ஆன்ட்டி" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அடுப்படியில் ரைஸ் குக்கர் டக்கென்று அணைந்த சத்தம் கேட்டது. அஞ்சலை அக்கா எழுந்து படுக்கை அறைக் கதவைத் திறந்துவிட்டார். "வை. ஆனா என்னா வந்தாலும் நீயே வந்து சொல்லணும். போன்ல சொல்லக் கூடாது. ஆளு விடக் கூடாது. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

"வந்து சொல்றேன்."

தீபாவளி போய், கார்த்திகையும் நடுப்பாதி ஆன பிறகு டப்பாக்களைத் திரும்ப எடுத்துப் போய் லேப்பில் பார்த்தார்கள். அன்று அவள் வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மற்ற எல்லா வீட்டையும்விட அஞ்சலை அக்காவின் படுக்கை அறையில்தான் அதிகம். கொஞ்சநஞ்சம் அதிகம் இல்லை.

"வாத்தியாரம்மா என்னா சொன்னாங்க?"

அந்த விரிவுரையாளர் ஒரு சீன அம்மா. நல்ல மாதிரி, ஆனால் கண்டிப்பு. அவர் சொன்னது இது: இதுதான் உன் ஆய்வில் பெரிய விஷயம். ஆனால் ஒரு டப்பாவை நம்பக் கூடாது. அதே அறையில், அதே இடத்தில், எதையும் மாற்றாமல் இன்னொரு டப்பா வைத்துப் பார். ஒப்படைக்கும் நாளைக் கொஞ்சம் தள்ளி வாங்கித் தருகிறேன். சரிபார்க்காத எண்ணை அந்த வீட்டு அம்மாவிடம் இப்போது சொல்லாதே. சொல்லிவிட்டால், நடந்ததை நடந்தபடி என் சிபாரிசில் எழுதுவேன்.

"சரியாத்தானே சொல்றாங்க?" என்றேன்.

"ரொம்பச் சரி. நானா இருந்தாலும் அதான் சொல்லுவேன்." அவள் நகத்தைக் கடித்தாள். "சொன்னா அந்த ஆன்ட்டி ஜன்னலத் தொறந்துடுவாங்க. தொறந்துட்டா ரெண்டாவது டப்பா வேற நம்பர் காட்டும். அப்புறம் மொதோ நம்பர் நிசமான்னு எப்பவுமே தெரியாது."

"சொல்லாட்டி?"

"அதே ரூம்ல, அதே மாரி மூடிக்கிட்டு, இன்னும் ஒரு மாசம் படுத்திருப்பாங்க."

"ஒரு மாசத்துல என்னா ஆயிடும்?"

"பெருசா ஒன்னும் ஆகாது. கணக்குப் பாத்தா ஆகாதுதான்." இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "வாத்தியாரு சொல்றதக் கேளும்மா" என்றார். "இம்புட்டுத் தூரம் வந்துட்ட. ஒரு மாசம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா? நா ஒனக்கு டீச்சர் வேலையே வேணாம்னு சொல்றேன். நீ நெனச்ச எடத்துக்கே போ. இத மட்டும் கெடுத்துக்காத."

அம்மா அப்படி இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை. அவள் "சரிம்மா" என்றாள்.

மறுநாள் இரண்டாவது டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு செமோருக்குப் போனோம். சிக்னலில் நிற்கும்போது பச்சை விழுந்தும் அவள் எடுக்காததால், பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்தது. "என்னாம்மா முடிவு?" என்று கேட்டேன். ஹெல்மெட்டுக்குள் அவளுக்குக் கேட்கவில்லையோ என்னவோ.

அஞ்சலை அக்கா கேட்டருகிலேயே நின்றார். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"என்னா வந்துச்சு?"

அவள் பைக்குள் கையை விட்டாள். டப்பாவைத் தொட்டிருப்பாள். இன்னும் முடிவு வரவில்லை, இன்னொரு டப்பா வைக்கச் சொன்னார்கள் என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை.

கையை வெளியே எடுத்தாள். அதில் ஒன்றும் இல்லை. "அதிகமா இருக்கு ஆன்ட்டி. பாத்த வீட்டுலயே இங்கதான் அதிகம். ஒரு தடவதான் அளந்துருக்கோம், தப்பாவும் இருக்கலாம். சரிபாக்காம சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஆனா வந்து சொல்றேன்னு சொல்லிட்டேன்."

"அவரு போனது அதனாலயா?"

"தெரியாது."

அஞ்சலை அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "நான் இப்ப என்னா செய்யணும், அதச் சொல்லு."

"ஜன்னலத் தொறந்து வைங்க ஆன்ட்டி. பகல்லயும், படுக்கும்போதும்."

படுக்கை அறை ஜன்னல் அசையவில்லை. வருடா வருடம் அவருடைய கணவர் சட்டத்தோடு சேர்த்துச் சாயம் பூசிப் பூசி, பலகையும் சட்டமும் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. அந்தப் பிள்ளை நாற்காலியில் ஏறி, சமையல் கத்தியை இடுக்கில் விட்டுக் கீறினாள். பச்சை, அதற்கடியில் ஊதா, அதற்கடியில் மஞ்சள் என்று சாயம் சுருள் சுருளாக உதிர்ந்தது. தன் ஆய்வைத் தானே கீறி எடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன். படாரென்று திறந்தபோது மூன்று பேருமே ஓர் அடி பின்னால் போனோம்.

இரண்டாவது டப்பாவையும் வைத்துவிட்டுத்தான் வந்தாள். அது குறைவாகக் காட்டியது. முதல் எண் தப்பா, இல்லை ஜன்னலால் குறைந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார் விரிவுரையாளர். ஆய்வு தேறிற்று, ஆனால் அவள் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. சிபாரிசும் எழுதினார். சொன்னபடியே நடந்ததையும் எழுதினார்.

இதைச் சொல்லப் போனபோது அஞ்சலை அக்கா, "கொறஞ்சிருச்சுல்ல? அப்புறம் என்னா ஒங்க வாத்தியாருக்கு?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டரில் பேசும் நாளும் வந்தது. அவள் அறையில் லைன் சரியாகக் கிடைக்காது என்பதால் என் ஹாலில் உட்கார்ந்தாள். சாயங்காலம். நான் அடுப்படியில் அடுப்பைப் பற்ற வைக்காமல், காற்றாடியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் "ஐ டோன்ட் நோ" தெரியும். அது திரும்பத் திரும்ப வந்தது. ஓர் இடத்தில் அந்தப் பேராசிரியர் நீளமாக ஏதோ கேட்டார். லைன் அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். கையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சின்னதாக ஒரு வாக்கியம் சொன்னாள். அவ்வளவுதான்.

முடிந்ததும் அடுப்படிக்கு வந்தாள்.

"என்னாம்மா கேட்டாரு அவ்வளவு நேரம்?"

"ஒரு மாசம் பொறுத்திருக்கலாமே, ஏன் சொன்னேன்னு கேட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

"அவங்க தெனமும் அந்த ரூம்லதான் படுக்குறாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"எழுதிக்கிட்டாரு."

அந்த இடம் கிடைக்கவில்லை. அம்மா போனில் அழுதார். இவள் அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். படிப்பு முடிந்ததும் கமுந்திங்கில் அம்மா வேலை செய்த அதே தொழிற்சாலையில், வந்த சாமான் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வேலைக்குப் போனாள். அங்கிருந்துகொண்டே திரும்பத் திரும்ப எழுதிப் போட்டாள். ஒவ்வொன்றிலும் அந்த ஜன்னலைப் பற்றியும் எழுதினாளாம். எழுதாமல் விடேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, வேறொரு ஊரில், வேறொரு ஆசிரியரிடம் இடம் கிடைத்தது.

கிளம்புவதற்கு முன் என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தாள். செமோருக்கும் போலாம் ஆன்ட்டி என்றாள். பழையபடி அவள் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனேன். நல்ல வெயில் நேரம். கேட்டில் நின்று கூப்பிட்டோம், பதில் இல்லை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தோம். படுக்கை அறை ஜன்னல் திறந்து கிடந்தது. காற்றில் திரைச்சீலை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. அஞ்சலை அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு கையைத் தலைக்கு வைத்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் கூப்பிட வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் ஆன்ட்டி" என்றாள். "தூங்கட்டும்."

வாங்கி வந்த பழப்பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, மோட்டாரைத் தெருமுனை வரைக்கும் சத்தம் இல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தாள்.